மோரே: நடந்து போய்வந்தவர்கள் வளர்த்த எல்லைச் சந்தை

மணிப்பூரின் தலைநகர் இம்பாலிலிருந்து தென்கிழக்கே தௌபால், பல்லேல் வழியாகப் போகும் சாலை தெங்நௌபால் மலையேறி இறங்குகிறது. சுமார் 110 கிலோமீட்டர் தாண்டியதும் மோரே வந்துவிடும். அதற்கு அந்தப் பக்கம் மியான்மர். தமிழ்நாட்டிலிருந்து சாலை வழியாக மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் இந்தச் சிற்றூரில் கோபுரத்தோடு ஒரு அங்காள பரமேஸ்வரி முனீஸ்வரர் கோயில் இருக்கிறது. தமிழ்ச் சங்கமும் இருக்கிறது. பர்மிய மொழி, மணிப்புரி, இந்தி, தமிழ் என்று நாலு மொழியிலும் பேரம் பேசத் தெரிந்த தமிழர்கள் இரண்டு மூன்று தலைமுறையாக இங்கே குடியிருக்கிறார்கள்.

எல்லை வணிகம் பற்றி நம் நாட்டில் பேசும்போது மோரே ஒரு நுழைவாயில் என்றுதான் சொல்வார்கள். தென்கிழக்காசியாவுக்கான வாசல், நெடுஞ்சாலையின் தொடக்கப்புள்ளி, இப்படி. முப்பது ஆண்டுகளில் இங்கே ஒப்பந்தம் வந்தது, பாலம் வந்தது, சாலை வந்தது, பெரிய சோதனைச் சாவடியும் வந்தது. இவ்வளவும் வந்த பிறகு சட்டப்படியான வணிகம் ஏன் வளராமல் நின்றது? அதே காலத்தில் காட்டுவழிச் சரக்கு ஏன் நிற்கவே இல்லை? இந்த ஆய்வின் கேள்வி அதுதான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோரேயின் வணிகத்தை நடத்தியவர்கள், இரு பக்கமும் மொழியும் உறவும் வைத்திருந்து, காலையில் நடந்து போய் மாலையில் நடந்து திரும்பிய சாதாரண மக்கள். விதிகளோ லாரியையும் வங்கிக் காகிதத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டன. அந்த மக்களைக் கணக்கில் எடுக்காத ஒவ்வொரு விதியும் சரக்கைக் கள்ளப் பாதைக்கு அனுப்பியது.

துரத்தப்பட்டவர்கள் கூடிய இடம்

மோரேக்கு எதிரே கிடப்பது கபோ பள்ளத்தாக்கு. வளமான நிலம். மணிப்பூர் அரசர்களும் பர்மிய அரசர்களும் மாறி மாறி உரிமை கொண்டாடிய பூமி. ஆங்கிலேயர் பர்மியர் போரை முடித்த யண்டபோ உடன்படிக்கை 1826இல் கையெழுத்தானபின், 1834இல் ஆங்கிலேயர்கள் இதை பர்மாவுக்குக் கொடுத்துவிட்டு, இழப்பீடாக மணிப்பூர் அரசருக்கு மாதம் 500 சிக்கா ரூபாய் தருவதாக ஏற்பாடு செய்தார்கள். மலையில் வாழும் குக்கி மக்களும் நாகர்களும், பெரும்பாலும் சமவெளியில் வாழும் மெய்திகளும் கோட்டின் இரு பக்கமும் பிரிந்து நின்றது இப்படித்தான். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு நாட்டிலும் தம்பி இன்னொரு நாட்டிலும் இருப்பது இந்தப் பகுதியில் சாதாரணம்.

தமிழர்கள் வந்த கதை வேறு. 1931 கணக்கெடுப்பின்படி பர்மாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருந்தார்கள். ரங்கூன் நகரத்தில் பாதிப்பேருக்கு மேல் இந்தியர்களே. துறைமுகக் கூலி, அரிசி ஆலை, கடை, அரசு வேலை, வட்டிக்கடை என்று எல்லாவற்றிலும் இருந்தார்கள். செட்டியார்களின் பணம் கீழ் பர்மாவின் நெல் சாகுபடிக்குள் பாய்ந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் விவசாயிகளால் கடனைக் கட்ட முடியாமல் போனபோது நிலங்கள் கைமாறின. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்தது 6 சதவீத நிலம். 1938இல் அது 25 சதவீதம். அந்தக் கோபம் கடன் கொடுத்தவரோடு நிற்கவில்லை. கூலிக்கு மூட்டை தூக்கியவர் மீதும் இறங்கியது. பர்மா தமிழர்களின் துயரத்தைப் பேசும்போது நாம் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறோம். தாண்டக்கூடாது என்பது என் எண்ணம்.

1942இல் ஜப்பானியப் படை ரங்கூனை நெருங்கியபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் நடந்தார்கள். அவர்கள் நடந்த வழிகளில் முக்கியமான ஒன்று மண்டலே, மொனிவா, கலேவா, தமு, பல்லேல், இம்பால், திமாப்பூர் என்று போனது. மோரேக்கு எதிரே பர்மாவில் உள்ள தமுவிலிருந்து பல்லேலுக்கு வரும் அந்த வழி மோரே வழிதான். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே செத்தார்கள்.

போர் முடிந்து பலர் திரும்பிப் போய் வாழ்க்கையை மீண்டும் கட்டிக்கொண்டார்கள். 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளும் ஆலைகளும் நாட்டுடைமையாயின. 1964 மே மாதம், பர்மிய நாணயமான சாட்டில் 50, 100 நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கையில் ரொக்கமாக வைத்திருந்த வியாபாரியின் சேமிப்பு ஒரே நாளில் காகிதமானது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். ரங்கூனிலிருந்து கப்பல் கப்பலாகச் சென்னைக்கு வந்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் பர்மா காலனிகள் உண்டாயின. சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே 1969இல் பர்மா பஜார் வந்தது. அத்தோ, மொய்ங்கா என்ற பர்மிய உணவுகள் வடசென்னைக்கு வந்தது அவர்களோடுதான்.

தமிழ்நாட்டுக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ஊர் ஒட்டவில்லை. பிறந்ததெல்லாம் பர்மாவில். நிலமும் வீடும் அங்கே. முகாமில் உட்கார்ந்திருப்பதைவிடத் திரும்பிப் போய்விடலாம் என்று ரயில் ஏறி, வடகிழக்கு வழியாக மோரே வரை போனார்கள். எல்லையைத் தாண்டப் பார்த்தவர்களை பர்மிய ராணுவம் திருப்பி அனுப்பியது. தமிழ்நாட்டுக்குத் திரும்பவும் மனமில்லை. மோரேயிலேயே குடிசை போட்டார்கள். மோரேயில் தமிழர் குடியிருப்பு உண்டானது இப்படி.

1967இல் பர்மிய அரசு கபோ பள்ளத்தாக்கிலிருந்து குக்கிகளையும் விரட்டியது. அவர்களும் மணிப்பூர்ப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். இந்தியாவும் பர்மாவும் எல்லை உடன்பாட்டில் கையெழுத்திட்டது அதே 1967 மார்ச்சில். கோடு உறுதியான அதே ஆண்டில் கோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கத்தை நன்றாக அறிந்த மனிதர்கள் நிறைந்திருந்தார்கள். பின்னால் வந்த சந்தைக்கு முதலீடே அந்த அறிமுகம்தான்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் நம்பலாங்

மோரேயில் எல்லையைக் கடக்க இரண்டு வழிகள் முக்கியமானவை. நட்புப் பாலம் உள்ள முதல் கேட், வண்டிகளுக்கும் அதிகாரபூர்வ சரக்குக்கும் உரியது. இரண்டாம் கேட் நடந்து போகிறவர்களுக்கு. அதைத் தாண்டினால் உடனே நம்பலாங் சந்தை. தமு நகரம் அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டருக்குள். அமைதியான நாட்களில் காலையில் கேட் திறந்ததும் சிறு கட்டணம் கட்டி அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். கேட் மூடுவதற்குள் திரும்பிவிடுவார்கள். அந்தப் பக்கத்து ஜனங்களும் அதே மாதிரி மோரேக்கு வந்து மருந்து, மாவு, சமையல் சாமான் வாங்கிப் போவார்கள்.

நம்பலாங்கில் கிடைத்தது பெரும்பாலும் பர்மியச் சரக்கு இல்லை. சீனக் கம்பளி, போர்வை, டார்ச், செருப்பு, பாத்திரம், தாய்லாந்துத் தின்பண்டம். மண்டலே வழியாகவும் தாய்லாந்து எல்லை வழியாகவும் வந்தவை. இவற்றைத் தலைச்சுமையாகவும் பைகளிலும் கொண்டுவந்து, இம்பாலில் பெண்களே நடத்தும் இமா கெய்தேல் சந்தையிலிருந்து திமாப்பூர், குவாஹாட்டி வரை சேர்ப்பதற்கு ஒரு சங்கிலி இருந்தது. சுமை தூக்குகிறவர், மோரேயில் கிடங்கு வைத்திருப்பவர், வேன் ஓட்டுகிறவர், இம்பாலில் கடை விரிக்கும் பெண் என்று ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சமூகம். குக்கி, மெய்தி, மணிப்புரி முஸ்லிம்களான பங்கல், நேபாளி, மார்வாரி, பீகாரி, பஞ்சாபி, தமிழர்.

தமிழர்களுக்கு இதில் கிடைத்த இடம் தரகு. பர்மிய மொழி தாய்மொழி மாதிரி பேசுவார்கள். அந்தப் பக்கத்தில் வெளியேறாமல் தங்கிவிட்ட சொந்தக்காரர்களும் பழைய பழக்கக்காரர்களும் இருந்தார்கள். இந்தப் பக்கம் தொலைதூர நகரங்களோடு தொடர்பு இருந்தது. தமுவில் ஒரு வியாபாரி சரக்கை அனுப்பிவிட்டுப் பணத்துக்கு ஒரு வாரம் காத்திருக்கிறார் என்றால், யாரோ ஒருவர் அவருக்குப் பிணையாக நிற்கிறார் என்று அர்த்தம். வங்கி செய்யவேண்டிய அந்த வேலையை இங்கே ஆள் செய்தார். ரூபாயையும் சாட்டையும் மாற்றிக்கொடுக்கவும் தனி ஆட்கள் இருந்தார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. ஏமாற்றினால் அடுத்த வாரம் சரக்கு வராது, அவ்வளவுதான்.

இதை நான் அழகாக்கிச் சொல்லவில்லை. இதே வழியில் போதைப் பொருளும் ஆயுதமும் மரமும் போயிருக்கின்றன. ஆயுதக் குழுக்கள் வரி வாங்கின. அந்த வரிப்பணத்துக்காகவும் ஊரின் பிடிக்காகவும் ரத்தம் சிந்தியது. 1990களில் குக்கி நாகா மோதல் மோரேயைப் பலமாக உலுக்கியது. குக்கிகளுக்கும் தமிழர்களுக்கும் இடையிலும் மோதல் வந்தது. அதற்குப் பிறகு நிறையத் தமிழ்க் குடும்பங்கள் ஊரைவிட்டுக் கிளம்பின. ஒரு காலத்தில் பல ஆயிரம் பேர் இருந்த சமூகம் இப்போது சில ஆயிரமாகக் குறைந்திருக்கிறது. ஆனால் சண்டைக்குப் பிறகும் சந்தை மறுபடி கூடியது. மறுபடி அதே ஆட்கள் அதே வழியில் போனார்கள். அந்த உறவு எவ்வளவு உறுதியானது என்பதற்கு அதுவே சாட்சி.

பட்டியலில் இருந்ததும் மக்கள் கேட்டதும்

1994 ஜனவரி 21 அன்று இந்தியாவும் மியான்மரும் எல்லை வணிக ஒப்பந்தம் போட்டன. 1995 ஏப்ரல் 12இல் மோரே தமு வழி அதிகாரபூர்வமாகத் திறந்தது. மிசோரமில் ஜோகாவ்தார் ரி வழி இரண்டாவது. உள்ளூரில் விளையும் 22 பொருள்களைச் சலுகைத் தீர்வையோடு பண்டமாற்றாகக் கொண்டுபோகலாம், கொண்டுவரலாம் என்றார்கள். வெங்காயம், பூண்டு, மிளகாய், பயறு வகைகள், எள், இஞ்சி, கொட்டைப்பாக்கு, வெற்றிலை, மூங்கில், குங்கிலியம், துடைப்பப் புல் போன்றவை. 2008இல் பட்டியல் 40 ஆனது. 2012இல் 62.

நல்ல நோக்கம்தான். கோளாறு எங்கே என்றால், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மலையில் விளைவது ஏறக்குறைய ஒன்றே. இஞ்சி விளைகிறவரிடம் இஞ்சி விற்று எவ்வளவு வியாபாரம் செய்துவிட முடியும்? ஜனங்கள் உண்மையில் கேட்ட போர்வையும் செருப்பும் டார்ச்சும் மூன்றாம் நாட்டுச் சரக்கு. அவை பட்டியலுக்கு வெளியே. ஆக, ஒப்பந்தம் அமலான நாளிலிருந்தே நம்பலாங் சந்தையின் பெரும்பகுதி சட்டத்துக்கு வெளியே நின்றது. கேட்டில் நின்ற காவலர் பார்க்கும் பையிலும், சுங்க நிலையத்தின் பதிவேட்டிலும் இரண்டு வெவ்வேறு வணிகங்கள் ஓடின.

பண்டமாற்றில் குறை உண்டு. விலையைக் குறைத்துக் காட்டலாம், கணக்குச் சரியாக முடிக்கப்படாமல் இழுக்கலாம். இதைச் சரிசெய்ய 2015இல் ரிசர்வ் வங்கி ஒரு முடிவெடுத்தது. 2015 டிசம்பர் 1 முதல் பண்டமாற்று கிடையாது, எல்லாம் வழக்கமான சர்வதேச வணிகம். அதாவது இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண், வங்கிக் கணக்கு, எல்.சி. எனப்படும் வங்கி உத்தரவாதக் கடிதம், வழக்கமான தீர்வை. மோரேயில் இந்தியத் தரப்பில் யுனைடெட் பாங்க் ஆஃப் இந்தியாவும் தமுவில் மியன்மா பொருளாதார வங்கியும் இதற்காகக் குறிக்கப்பட்டிருந்தன. ஆனால் அந்த வழியாக எல்.சி. திறந்து வணிகம் நடப்பது அரிதாகவே இருந்தது. தலையில் ஒரு மூட்டை சுமந்து வருகிற பெண்ணிடம் எல்.சி. கேட்டால் அவர் என்ன செய்வார்? இரண்டாம் கேட்டை விட்டுவிட்டு ஓடையைத் தாண்டுவார். முப்பது ஆண்டுக் கதையில் மிகப் பெரிய தவறு என்று நான் நினைப்பது இந்த முடிவைத்தான். குறை இருந்தது உண்மை. அதற்கு மருந்து, சிறு வியாபாரிக்கென்று எளிய கணக்கு முறை ஒன்றை ஏற்படுத்துவது. அதைச் செய்யாமல் இருந்ததையும் எடுத்துவிட்டார்கள்.

கொட்டைப்பாக்கை எடுத்துக்கொள்ளலாம். மோரே வழியாக வந்த அதிகாரபூர்வச் சரக்கில் மிகப் பெரியது இதுதான். கர்நாடக, கேரள விவசாயிகளைக் காக்க இறக்குமதிப் பாக்குக்குக் குறைந்தபட்ச விலை வைத்திருக்கிறது இந்திய அரசு. கிலோ 251 ரூபாயாக இருந்தது 2023 பிப்ரவரியில் 351 ஆனது. அதற்குக் கீழே உள்ள பாக்கு சட்டப்படி உள்ளே வர முடியாது. பர்மியப் பாக்கு அதைவிட மலிவு. தெற்கே உள்ள விவசாயிக்கு அந்த விலை தேவைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் விலை வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு லாபம் கடத்தலுக்கு. மிசோரம் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் லாரி லாரியாகப் பாக்கு பிடிபடும் செய்தி வராத மாதமே குறைவு.

எதிர்த்திசையில் போன ஒரு சரக்கு நமக்கு நெருக்கமானது: தலைமுடி. கோயில்களில் இறக்கும் முடியும் வீடு வீடாகப் பொறுக்கிய சிக்குமுடியும் வடகிழக்கு வழியாக மியான்மர் போய், அங்கே பியாப்வே போன்ற ஊர்களில் சிக்கெடுத்துத் தரம் பிரித்து, சீனாவுக்குப் போகிறது. இந்தியாவில் முடி பதப்படுத்தும் தொழில் இதனால் அடிவாங்குகிறது என்ற புகாரின் பேரில் 2022 ஜனவரியில் பதப்படுத்தாத முடி ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்டது.

உளுந்து கதை இதற்கெல்லாம் மேல். நம் வீட்டு இட்லிக்குள் இருக்கும் பர்மா உளுந்து இந்த எல்லை வழியாக வருவதில்லை. கப்பலேறிச் சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. 2021இல் போட்ட உடன்பாட்டின்படி ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் மியான்மரிலிருந்து வாங்க இந்தியா ஒப்புக்கொண்டது. 1994 பட்டியலிலேயே பயறு வகைகள் இருந்தும், இரு நாட்டுக்கும் இடையிலான மிகப் பெரிய வேளாண் வணிகம் நில எல்லையைத் தொடாமலே நடக்கிறது.

சாலை வந்தது, சந்தை போனது

2001 பிப்ரவரியில் தமு, கலேவா, கலேமியோ இடையே இந்தியா கட்டிக்கொடுத்த 160 கிலோமீட்டர் நட்புச் சாலை திறந்தது. அடுத்து மோரேயிலிருந்து மியான்மர் வழியாகத் தாய்லாந்தின் மே சோட் வரை சுமார் 1,360 கிலோமீட்டர் முத்தரப்பு நெடுஞ்சாலைத் திட்டம். வழியில் உள்ள 69 பழைய பாலங்களை மாற்றுவது அதில் ஒரு வேலை. அது இன்னும் முடியவில்லை. 2018 ஆகஸ்ட் 8இல் பாஸ்போர்ட், விசாவோடு கடக்கும் சர்வதேச வழியாக மோரே தமு அறிவிக்கப்பட்டது. 2019 ஜனவரியில் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடியைப் பிரதமர் திறந்துவைத்தார். லாரி நிறுத்தம், கிடங்கு, குடியேற்ற அலுவலகம், எல்லாம் ஒரே வளாகத்தில்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக கேட் மூடியது. திறக்கும் முன்பே, 2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. தமு வட்டாரம் சண்டைக்களமானது. சாட்டின் மதிப்பு சரிந்தது. அகதிகள் இந்தப் பக்கம் வந்தார்கள். மிசோரமில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேல். வந்தவர்கள் சின் மக்கள், மிசோக்களுக்கு ரத்த உறவு. அதனால் மிசோரம் வாசலைத் திறந்தே வைத்தது.

2023 மே 3இல் மெய்திகளுக்கும் குக்கிகளுக்கும் இடையே வெடித்த மோதலில் மணிப்பூர் பற்றிக்கொண்டது. மோரேயிலிருந்த மெய்திகள் ஊரைவிட்டே வெளியேறினார்கள். வீடுகள் எரிந்தன. அந்தத் தீயில் தமிழர் வீடுகள் சிலவும் போயின. மோரேக்கு ஏற்பட்ட உயிர்க்காயம் என்று நான் கருதுவது இதுதான். கேட் மூடினால் சரக்கு வேறு வழி தேடும். இங்கே மோரேக்கும் இம்பாலுக்கும் நடுவில் இருந்த 110 கிலோமீட்டரே அறுந்துபோனது. மெய்தி மலைக்கு ஏற முடியாது, குக்கி சமவெளிக்கு இறங்க முடியாது. இமா கெய்தேலில் கடை விரிக்கும் பெண்ணும் மோரேயில் கிடங்கு வைத்திருப்பவரும் முகம் பார்க்க முடியாமல் போனது. இரு தரப்பையும் சாராத சமூகத்தினர் ஓட்டும் வண்டிகளால்தான் சாமான்கள் கொஞ்சம் நகர்ந்தன.

அப்புறம் 2024 பிப்ரவரி. 1,643 கிலோமீட்டர் எல்லை முழுவதும் வேலி போடப்படும் என்றும், எல்லையோர மக்கள் விசா இல்லாமல் போய்வரும் ஏற்பாடு நிறுத்தப்படும் என்றும் மத்திய அரசு அறிவித்தது. அந்த ஏற்பாடு 1950களிலேயே தொடங்கியது. அப்போது 40 கிலோமீட்டர், 2004இல் 16 ஆகக் குறைந்தது. நாகாலாந்தும் மிசோரமும் நிறுத்தக் கூடாது என்றன, மணிப்பூர் அரசு நிறுத்து என்றது. 2024 டிசம்பரில் வந்த புதிய விதிகளில் தூரம் 10 கிலோமீட்டர். குறிப்பிட்ட இடங்களில் மட்டும் கடக்கலாம், எல்லையைக் காக்கும் அசாம் ரைபிள்ஸ் படை கொடுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும், ஏழு நாளுக்குள் திரும்ப வேண்டும்.

போதைப் பொருளையும் ஆயுதத்தையும் தடுக்கவேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டு கருத்து இருக்காது. எதிர்ப்பக்கம் உள்நாட்டுப் போர் நடக்கும்போது ஓர் அரசு எல்லையைப் பற்றிக் கவலைப்படுவதும் நியாயம். ஆனால் சீட்டு வாங்கி, கைரேகை வைத்து, நேரத்துக்குத் திரும்புகிறவர் ஏற்கெனவே சட்டத்துக்குள் இருக்கிறவர். கடத்தல்காரர் இரண்டாம் கேட்டுக்கு வருவதில்லை.

என்ன செய்யலாம்? மோரே நமக்குக் காட்டிய வரையில் மூன்று விஷயங்கள் தெளிவு. சிறு வியாபாரிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு மதிப்புவரை எல்.சி. இல்லாமல், ரூபாயிலோ சாட்டிலோ, ஒரே தாளில் கணக்கு எழுதிக் கொண்டுவரும் முறை வேண்டும். மூன்றாம் நாட்டுச் சரக்கையும் அந்த வரம்புக்குள் ஏற்க வேண்டும், இல்லையென்றால் முறை யாருக்கும் பயன்படாது. அடுத்தது அனுமதிச் சீட்டு. பழைய ஏற்பாடு மலைவாழ் பழங்குடியினருக்காக எழுதப்பட்டது. சந்தையை நடத்திய தமிழரும் நேபாளியும் பங்கலும் நடைமுறைப் பழக்கத்தின் தயவில்தான் போய்வந்தார்கள். அந்தத் தயவு இனி போதாது. அவர்கள் பெயரும் விதிக்குள் வரவேண்டும். மூன்றாவது, இம்பால் மோரே சாலையில் எல்லாச் சமூகத்தவரும் பயமில்லாமல் போகும் நாள் வரவேண்டும். சுங்கத்துறையாலோ வங்கியாலோ அதைக் கொண்டுவர முடியாது. அந்த நாள் வரும்வரை சோதனைச் சாவடியின் லாரி நிறுத்தத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அங்கே வந்து நிற்கச் சரக்கு இருக்காது.